வெனிலா ஐஸ்கிரீமில் சுக்கு, ஏலம், வெற்றிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் வாங்கிய சாதாரண வெனிலா ஐஸ்கிரீமுக்கு, அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வாசனைப் பொருள்களையும் தொட்டியில் வளரும் இலைகளையும் கொண்டு மணம் ஏற்றுவது பற்றிய பக்கம் இது. ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரம் எதுவும் வேண்டாம். இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் அரை லிட்டர் டப்பாவுக்கு உரியவை. தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி.

எந்த ஐஸ்கிரீமை வாங்க வேண்டும்? வெனிலாதான் வேண்டுமா?

முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தியாவின் உணவுத் தர விதிப்படி, வெறுமனே 'ஐஸ்கிரீம்' என்று அச்சிட்டு விற்பதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் செய்தது 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்ற பெயரில்தான் வரும். இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், படமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஏலம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றின் மணம் பெரும்பாலும் கொழுப்பில் கரையக்கூடியது. பால் கொழுப்பு நம் உடல் சூட்டிலேயே உருகிவிடும். நாக்கில் வைத்ததும் அது உருகித் தனக்குள் பிடித்து வைத்திருந்த மணத்தை வெளியே விடுகிறது. தாவரக் கொழுப்புச் சரக்கு சிலவற்றில் மணம் வாயில் திறப்பதற்குள் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது.

அடுத்து, எடை. அதே விதிகள் ஐஸ்கிரீம் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும் என்கின்றன. லிட்டர் கணக்கில் வாங்குவதில் கணிசமான பங்கு காற்று என்பது இதிலிருந்தே தெரியும். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு டப்பாக்களைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். காற்று மிகுந்தது, கிளறினால் சட்டென்று அமுங்கிப் பாதியாகிவிடும்.

வெனிலாவும் ஒரு வாசனைப் பொருள்தான் என்பதை நாம் மறந்தே போய்விட்டோம். மெக்சிகோவில் பிறந்த ஆர்கிட் கொடி ஒன்றின் காய் அது. அதன் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியை 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த பிறகுதான் அது உலகெங்கும் பயிராகத் தொடங்கியது. இன்று மலிவு டப்பாக்களில் இருப்பது, வெனிலாவின் மணத்துக்கு முதன்மைக் காரணமான வெனிலின் என்ற வேதிப்பொருள், அதுவும் ஆலையில் செய்தது. ஒரு காலத்தில் அந்த வெனிலினைக் கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் என்ற மணப்பொருளிலிருந்தே தயாரித்தார்கள். கிராம்பு, துளசி, வெற்றிலை ஆகிய யூஜினால் குடும்பத்து வாசனைகள் வெனிலாவோடு சண்டை போடாமல் இருப்பதில் வியப்பில்லை. எனவே வெனிலா நல்ல தேர்வு. மணமே சேர்க்காத பால் ஐஸ்கிரீம் கிடைத்தால் அது இன்னும் நல்லது. ஸ்ட்ராபெரி, பட்டர்ஸ்காட்ச் பக்கம் போகாதீர்கள்.

பொடியை மேலே தூவிச் சாப்பிட்டால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

குளிர் மணத்தைப் பூட்டி வைக்கும். வாசனை என்பது காற்றில் எழும்பி மூக்குக்கு வந்து சேர வேண்டிய ஒன்று. உறைநிலைக்குக் கீழே அது மிகக் குறைவாகவே எழும்பும். நாக்கும் மரத்துப்போகிறது, இனிப்புகூடக் குறைவாகத்தான் உறைக்கும். உருகிய ஐஸ்கிரீமைக் குடித்துப் பாருங்கள், திகட்டும். அதே சர்க்கரைதான் உறைந்திருக்கும்போது அளவாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் காய்ந்த பொடியைத் தூவினால், அது ஈரமும் சூடும் கிடைக்காமல் மாவாகவே நாக்கில் ஒட்டிக் கசந்துவிட்டுப் போகும்.

வாசனைப் பொருளைச் சிறிது கொழுப்பிலோ கெட்டிப் பாலிலோ இளஞ்சூட்டில் ஊறவிட்டு, அந்த ஊறலை ஐஸ்கிரீமில் கலந்து, ஓர் இரவு ஃப்ரீசரில் வைக்க வேண்டும். மணம் கொழுப்பில் பரவ நேரம் வேண்டும். மறுநாள் எடுத்துச் சுவைத்தால், முந்தைய இரவு சுவைத்ததற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும்.

தூவுவதற்கென்று சில உண்டு: ஒன்றிரண்டாக இடித்த வறுத்த எள், வறுத்த கொத்துமல்லி விதை, அப்போதே இடித்த மிளகு, கல் உப்பு. இவை பல்லில் கடிபட்டு மணப்பவை. மாவுப் பொடிக்கு அந்த வாய்ப்பில்லை.

ஊறலை எப்படிச் செய்வது? எப்படிக் கலப்பது?

கண்டென்ஸ்டு மில்க் மூன்று மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். பாலை விட இதை நான் விரும்புவதற்குக் காரணம், இதில் தண்ணீர் குறைவு. சாதாரணப் பாலில் ஊறவைத்துக் கலந்தால் அந்தத் தண்ணீர் பனித்துகளாக உறைந்து, ஐஸ்கிரீம் குச்சி ஐஸ் போல நறநறக்கும். இனிப்பு கூடுமே என்று கவலைப்படுபவர்கள் பாக்கெட் க்ரீம் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்புள்ளது. இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

சிறிய பாத்திரத்தில் அதை ஊற்றி, இன்னொரு பாத்திரத்து வெந்நீரின் மேல் வைத்துச் சூடாக்குங்கள். விரல் பொறுக்காத சூடு வந்தால் போதும், கொதிக்க வேண்டாம். வாசனைப் பொருளைப் போட்டு மூடி, அடுப்பை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு வடிகட்டி, நன்றாக ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வையுங்கள். இளஞ்சூடாக இருக்கும்போதே ஐஸ்கிரீமில் ஊற்றுவது எல்லாவற்றையும் கெடுக்கும்.

ஐஸ்கிரீம் டப்பாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். மேசை மேல் வைத்தால் ஓரம் தண்ணீராகிவிடும், நடு கல்லாகவே இருக்கும். கரண்டி அழுத்தமில்லாமல் இறங்கும் பதம் வந்ததும், முன்பே ஃப்ரீசரில் வைத்துக் குளிர்ந்த எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். ஊறலைப் பரவலாக ஊற்றி, அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்குங்கள். மிக்ஸியோ மத்தோ கூடாது. உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிட்டால் அது மறுபடி உறையும்போது செங்கல்லாகிவிடும். ஒரு நிமிடத்துக்குள் முடித்து, டப்பாவில் அழுத்தி நிரப்பி, மேற்பரப்பில் ஒட்டும்படி பட்டர் பேப்பரை வைத்து மூடி உள்ளே தள்ளுங்கள்.

கலக்கும்போது முழுதும் சமமாக வராமல் வரிவரியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு கரண்டிக்கு ஒரு மணம் தூக்கலாகவும் அடுத்த கரண்டிக்கு மட்டாகவும் வரும்.

பாயசத்துக்குப் போடும் அளவே போதுமா?

ஏலம், சோம்பு, குங்குமப்பூ, சுக்கு ஆகியவற்றுக்குப் பாயச அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும். ஊறலைச் சூடாக இருக்கும்போது நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள், 'கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ' என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான பதம்.

இந்தக் கணக்குக் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் பொருந்தாது. பல்வலிக்குக் கிராம்பு வைப்பது அதிலுள்ள யூஜினால் மரத்துப்போகச் செய்வதால்தான். ஏற்கெனவே குளிரில் மரத்த நாக்குக்கு அதையும் கொடுத்தால் ஒன்றுமே தெரியாது. அரை லிட்டருக்கு ஒரு கிராம்பு, மிஞ்சினால் இரண்டு. காரப் பொருள்களிலும் கவனம் வேண்டும். மிளகு, திப்பிலியின் காரம் வாயில் வைத்ததும் தெரியாது, ஐஸ்கிரீம் உருகித் தொண்டையைத் தாண்டிய பிறகுதான் எழும்பும். 'காரமே இல்லையே' என்று இன்னொரு சிட்டிகை போடுபவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு தண்ணீர் தேடுவார்கள்.

வீட்டில் பொடித்தால் நரநரவென்று இருக்கிறதே?

பெரும்பாலும் சுக்குதான் குற்றவாளி. சுக்கைத் தட்டி மிக்ஸியில் அரைத்து, மெல்லிய மல் துணியைக் கிண்ணத்தின் மேல் இழுத்துக் கட்டி, பொடியை அதன் மேல் கொட்டி விரலால் தேய்த்துப் பாருங்கள். கீழே விழுவது வெளிர் மஞ்சள் நிறத்தில் முகப்பவுடர் போல இருக்கும். துணியின் மேல் தங்குவது பஞ்சுபோல ஒன்றோடொன்று பின்னிய நார். மிக்ஸியை எவ்வளவு ஓட்டினாலும் அந்த நார் பொடியாகாது, தேநீருக்கு வைத்துக்கொள்ளலாம். சல்லடையில் சலித்தால் போதாதா என்றால், மாவுச் சல்லடையின் கண் வழியே நார் நீளவாக்கில் நழுவிவிடும்.

ஏலத்துக்கு வேறு உத்தி. தோலை நீக்கி, கறுத்த விதைகளை மட்டும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு சிறிய கல்லுரலில் போட்டு நுணுக்குங்கள். சர்க்கரையின் கூர்மை விதையை அறுக்கும், வெளிவரும் எண்ணெயையும் அதுவே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விதை கறுப்பாகவும் லேசான பிசுபிசுப்புடனும் இருந்தால் புதுச் சரக்கு. சாம்பல் பழுப்பாக உலர்ந்து போயிருந்தால் பழையது. போடிநாயக்கனூர்ப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வையுங்கள். ஏலம் ஏலத்துக்கு வரும் ஊர் அது.

மிளகு, கொத்துமல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றை வெறும் வாணலியில் வறுத்த பிறகே பொடிக்க வேண்டும். மணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உலர்ந்த வாசனைப் பொருள்களில், குறிப்பாக மிளகில், கிருமிகள் உயிரோடு இருக்க முடியும். இதில் சமைக்கும் கட்டமே கிடையாது என்பதால் வறுப்பதுதான் ஒரே காப்பு.

எந்தக் கலவையில் தொடங்கலாம்?

எந்தக் கலவைக்கும் ஒன்று தலைமை தாங்க வேண்டும், மற்றவை பின்னால் நிற்க வேண்டும். மூன்று பொருளுக்கு மேல் போனால் எல்லாம் சேர்ந்து 'மசாலா' என்ற ஒரே வாசனையாகிவிடும். என் விருப்ப வரிசையில் சொல்கிறேன்.

திரிகடுகம்: சலித்த சுக்குப் பொடி முக்கால் தேக்கரண்டி, மிளகுத் தூள் கால், திப்பிலி ஒரு நல்ல சிட்டிகை. மருந்துக்கென்றால் மூன்றும் சம அளவு, இங்கே சுக்குக்கே முதலிடம். இதோடு கருப்பட்டியைச் சீவி இரண்டு மேசைக்கரண்டி, ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கம்பிப் பதத்துக்கு முன்பே இறக்கி ஆறவைத்துச் சேருங்கள். கருப்பட்டி மண் இல்லாததாக இருக்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அந்தப் பெயரில் வருவது எல்லாம் அங்கிருந்து வருவதில்லை. பாகு அதிகமானால் ஐஸ்கிரீம் உறையாமல் கொழகொழவென்றே நிற்கும், ஏனெனில் சர்க்கரை உறைநிலையைக் கீழே இறக்கும். இரண்டு கரண்டியைத் தாண்டாதீர்கள். கருப்பட்டியின் கருகல் மணமும் சுக்கின் காரமும் வெனிலாவும் சேரும் இந்த இடத்துக்கு ஈடாக நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

வெற்றிலை, சோம்பு, குல்கந்து: இளம் வெற்றிலை நான்கு, காம்பும் நடு நரம்பும் கிள்ளி, ஒரு தேக்கரண்டி வறுத்த சோம்பு, இரண்டு மேசைக்கரண்டி குல்கந்து. வெற்றிலையைக் குளிர்ந்த கண்டென்ஸ்டு மில்க்கோடு சேர்த்து அரைத்து வடிகட்டுங்கள், சூடு காட்ட வேண்டாம். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை கிடைத்தால் காரம் இதமாக இருக்கும். விருந்து முடிந்து தாம்பூலத்துக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கொடுக்கலாம். பாக்கும் சுண்ணாம்பும் இதில் வேண்டாம்.

ஏலம், குங்குமப்பூ, ஜாதிக்காய்: ஆறு ஏலக்காயின் விதை, பதினைந்து இருபது இழை குங்குமப்பூ, ஜாதிக்காயை இழைத்து எடுத்த ஒரு சிட்டிகை. குங்குமப்பூவின் நிறம் தண்ணீரில் கரைவது, ஆகவே அதை மட்டும் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலில் தனியே ஊறவைக்க வேண்டும். நன்றாகவே இருக்கும், ஆனால் கடைக் குல்ஃபியின் சாயல் வந்துவிடுகிறது. அதையே விரும்புகிறவர்கள் செய்யலாம்.

ரம்பை, ஏலம்: ஈழத்துச் சமையலில் சோற்றுக்கும் கறிக்கும் போடும் ரம்பை இலையை, மலேசியத் தமிழர் பாண்டான் என்பார்கள். பாஸ்மதி அரிசிக்கு மணம் தருகிற அதே வேதிப்பொருள்தான் இதிலும். இரண்டு இலையை முடிச்சுப் போட்டு, கெட்டித் தேங்காய்ப் பாலில் மெதுவாகச் சூடாக்கிப் பாதியாக வற்றவிட்டுச் சேருங்கள்.

எள், சுக்கு: கறுப்பு எள் இரண்டு மேசைக்கரண்டி வறுத்து, கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு கல் உப்பு சேர்த்துக் கொரகொரவென்று பொடித்து, பரிமாறும்போது மேலே தூவி, அரைத் தேக்கரண்டி செக்கு நல்லெண்ணெய் விடுங்கள். முகம் சுளிப்பவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சுளிக்கட்டும்.

சுக்கு மல்லிக் காபிப் பொடியை நேரடியாகப் போடலாமா?

பொடியாகப் போடுவதை விட, காபியாக ஊற்றுங்கள். இத்தாலியர் ஐஸ்கிரீம் மேல் சூடான எஸ்பிரெஸோவை ஊற்றி அஃபொகாட்டோ என்கிறார்கள். நமக்குச் சுக்கு மல்லி இருக்கிறது. கால் டம்ளர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி பொடி போட்டு, பாதிக்கு மேல் வற்றக் கொதிக்கவிட்டு, துணியில் வடித்துக்கொள்ளுங்கள். பனங்கற்கண்டு வேண்டாம், ஐஸ்கிரீமின் இனிப்பே போதும்.

டபரா ஒன்றைக் குளிரவைத்து அதில் இரண்டு உருண்டை ஐஸ்கிரீம் வையுங்கள். கொதிக்கும் வடிநீரை மூன்று நான்கு கரண்டி மட்டும் மேலிருந்து விடுங்கள். ஊற்றிய இடத்தில் உருண்டை பள்ளம் விழுந்து, பழுப்பு நீரைச் சுற்றி வெள்ளைப் பால் வளையம் கட்டும். அடியில் சூடான கசாயமும் பாலும் கலந்த ஒரு வாய், மேலே உறைந்த ஒரு வாய் என்று மாறி மாறி எடுக்க வேண்டும். சூட்டில் மல்லியின் மணம் எழும்பிவிடுவதால் ஓர் இரவு காத்திருக்கும் வேலையும் இல்லை. ஃபில்டர் டிகாக்‌ஷனில் ஒரு ஏலக்காய் தட்டிப்போட்டும் இதைச் செய்யலாம், முதல் டிகாக்‌ஷனாக இருக்க வேண்டும்.

புதினா, துளசி போன்ற பச்சை இலைகள்?

பச்சை இலையில் தண்ணீர்தான் எதிரி. கழுவிய இலையைத் துணியில் ஒற்றி முழுக்க உலர்த்துங்கள். நறுக்கிப் போட்டால் ஒவ்வொரு துணுக்கும் உறைந்து ஈரக் காகிதம் போலாகும், ஆகவே ஊறவைத்து வடிகட்டுவதே சரி. நிறம் கறுக்காமல் இருக்க, கொதிநீரில் பத்து நொடி முக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துப் பிழிந்து, குளிர்ந்த க்ரீமோடு அரைத்து வடிகட்டலாம்.

நம் சந்தைப் புதினாவை வைத்துக் கடைப் பெப்பர்மின்ட் ஐஸ்கிரீமின் ஜில்லிப்பை எதிர்பார்க்காதீர்கள். அந்த ஜில்லிப்பு மெந்தால் தருவது, குளிரை உணரும் நரம்பு வாயிலையே அது திறந்துவிடுகிறது. சட்னிப் புதினாவில் மெந்தால் மிகக் குறைவு. அதன் மணம் வேறு, பச்சையாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். சாக்லேட் சீவல் சேர்த்தால் நன்றாகப் பொருந்தும்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது திருநீற்றுப் பச்சிலை. சப்ஜா விதை தருகிற செடி. ஒரு கைப்பிடி இலையை இளஞ்சூட்டுக் க்ரீமில் இருபது நிமிடம் ஊறவிட்டு வடித்து, ஒரு எலுமிச்சையின் மேல் தோலை மட்டும் துருவிச் சேருங்கள். கடைசியில் இரண்டு சுற்று மிளகு. துளசி இதற்கு மாற்றாகாது, அதன் கிராம்பு வாசம் கசாய நினைவைக் கொண்டுவரும். ஓமவல்லி இன்னும் மோசம், ஒரே இலை டப்பா முழுவதையும் இருமல் மருந்தாக்கிவிடும். கறிவேப்பிலை தேங்காய்ப் பால் கலந்த ஐஸ்கிரீமில் நிற்கிறது, வெனிலாவில் நிற்கவில்லை.

பச்சை இஞ்சி சேர்த்தால் ஊறல் திரிந்துவிடுகிறது. ஏன்?

பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. சீனாவின் குவாங்தோங் பகுதியில் அந்த நொதியை வைத்தே சூடான பாலைத் தயிர்போல உறையவைத்து இனிப்பு செய்கிறார்கள். இஞ்சியைத் துருவித் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு வடித்த பிறகு சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும், பால் திரியாது. சர்க்கரைப் பாகில் வெந்த இஞ்சியும் சரி. பச்சை அன்னாசிக்கும் இதே எச்சரிக்கை, அதன் நொதி பால் பொருளைக் கசக்க வைக்கும்.

எலுமிச்சைச் சாறு புளிப்பால் திரிக்கும், தோலை மட்டும் பயன்படுத்துங்கள். வெள்ளைப் பகுதி சேராமல் மேல்தோலை மட்டும்.

மிளகாய் போடலாமா?

போடலாம். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் மிளகாயின் காரப்பொருளைக் கவ்விக்கொள்ளும், அதனால் எதிர்பார்ப்பதை விடக் குறைவாகவே உறைக்கும். இராமநாதபுரம் முண்டு வற்றல் ஒன்றை விதை நீக்கி க்ரீமில் ஊறவிட்டு எடுத்துவிட்டால் சிறு சூடும் நல்ல வாசமும் மிஞ்சும். மிளகாய்த்தூள் வேண்டாம், நிறமும் மாவும்தான் வரும். மாங்காய்க்கு மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுத் தின்னும் நினைவில் கேட்பவர்களுக்கு: அதற்கு மாம்பழ ஐஸ்கிரீமை எடுத்துக்கொள்ளுங்கள், வெனிலாவில் புளிப்பே இல்லை.

கரம் மசாலா, சாம்பார் பொடி, இட்லிப் பொடி?

கடைக் கரம் மசாலாவில் சீரகமும் மல்லியும் தூக்கலாக இருந்தால் குழம்பு வாசம்தான் வரும். பட்டை, ஏலம், கிராம்பு, ஜாதிபத்திரி மட்டும் சேர்ந்ததாக இருந்தால் அரைத் தேக்கரண்டி வரை சேர்க்கலாம். சாம்பார் பொடி, ரசப் பொடி பக்கம் போக வேண்டாம். பெருங்காயம் கலந்த எதுவும் ஆகாது, ஃப்ரீசரில் உள்ள மற்ற சாமான்களுக்கும் அந்த வாசம் ஏறிவிடும். இட்லிப் பொடியை ஐஸ்கிரீமில் தூவிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். படம் எடுத்த பிறகு அதைச் சாப்பிட்டார்களா என்பது வேறு விஷயம்.

பட்டையில் எது நல்லது?

இலங்கைப் பட்டை. மெல்லிய தாள்கள் பல சுற்றாகச் சுருண்டு, கையால் நொறுக்கினாலே உடையும். மணம் மென்மையானது, இனிப்பைத் தொடர்ந்து வரும். நம் மளிகைக் கடைகளில் 'பட்டை' என்று கிடைப்பது பெரும்பாலும் தடித்த மரத்தோல் போன்ற காசியா, பிரியாணிக்கு அது சரி. காசியாவில் கூமரின் என்ற பொருள் மிகுதி, தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். எப்போதாவது சாப்பிடும் ஐஸ்கிரீமுக்கு அது கவலையில்லை, சுவைக்காகவே இலங்கைப் பட்டையைச் சொல்கிறேன்.

நெய்யில் பொரித்துச் சேர்த்தால் மணம் கூடுமா?

பாயசத்தில் கூடும். இங்கே நெய் உறைந்து, மெழுகுபோல மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய்க்கும் அதே கதை, அது 24 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். எண்ணெய்தான் வேண்டுமென்றால் நல்லெண்ணெய், அதுவும் பரிமாறும்போது மேலே.

பச்சைக் கற்பூரம் சேர்க்கலாமா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

கோயில் சர்க்கரைப் பொங்கல் மணம் வேண்டும் என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் கடுகில் பாதி அளவு, சர்க்கரையோடு நன்றாக நுணுக்கி. சமையலுக்கென்று விற்பதாக இருக்க வேண்டும், ஆரத்திக் கற்பூரத்தைத் தொடவே கூடாது. சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஐஸ்கிரீமில் பச்சைக் கற்பூரமே வேண்டாம். சிறிய அளவு கற்பூரம்கூடக் குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும். ஜாதிக்காயும் சிட்டிகை அளவில் நிற்க வேண்டும், தேக்கரண்டிக் கணக்கில் போனால் பெரியவர்களுக்கே நஞ்சு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் தரக் கூடாது. மற்றபடி ஏலம், சோம்பு, ரோஜா இதழ் போன்றவற்றில் குழந்தைகளுக்குப் பிரச்சினையில்லை.

சுக்கு, மிளகு சேர்த்தால் ஐஸ்கிரீம் சாப்பிட்டாலும் சளி பிடிக்காது என்பது உண்மையா?

சளி வைரஸால் வருவது. ஐஸ்கிரீம் அதைக் கொண்டுவருவதில்லை, சுக்கு அதைத் தடுப்பதுமில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

கருப்பட்டி சேர்ப்பதால் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?

கருப்பட்டியும் சர்க்கரைதான். அதோடு ஐஸ்கிரீமில் ஏற்கெனவே இருப்பதும் சேர்கிறது. கலவைகளில் பாகையும் குல்கந்தையும் விட்டுவிட்டு, ஊறலை க்ரீமில் செய்து, அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்வெட்டில் உருகிவிட்டது. திரும்ப உறையவைக்கலாமா?

ஓரம் மட்டும் இளகி நடு கெட்டியாக இருந்தால் வைக்கலாம், சிறிது பனித்துகள் கட்டும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முழுதும் நீராகி அறைச் சூட்டுக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். உருகிய பால் பொருளில் பெருகிய கிருமிகள் மறுபடி உறைந்தாலும் சாவதில்லை. மின்வெட்டு நேரத்தில் ஃப்ரீசர் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் உருகுவதற்கு முதல் காரணம்.

எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால், உலர்ந்த வாசனைப் பொருள் கலவைகள் இரண்டு வாரம் மணத்தோடு இருக்கும். மூன்றாவது நாள்தான் திரிகடுகம் உச்சத்துக்கு வரும். பச்சை இலைக் கலவைகளை நான்கைந்து நாளில் முடித்துவிடுங்கள், அதன் பிறகு வைக்கோல் வாசம் தட்டும். வெற்றிலை அதிலும் அவசரக்காரன், இரண்டாவது நாளே பச்சை நிறம் மங்கத் தொடங்கும். விருந்துக்கென்றால் முந்தைய நாள் மாலை கலந்து, பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு டப்பாவை ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள்.